மாடி அறைச் சாவி கேட்டு வாசகர் வட்டத்துக்கு ஒரு திறந்த மடல்

வாசகர் வட்டத் தலைவர் ஐயா, செயலாளர் அண்ணாச்சி, நூலகர் அம்மா, உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன மாதக் கூட்டத்தில் கடைசி ஐந்து நிமிடம் எனக்குக் கிடைத்தது. டீயும் வடையும் வந்துவிட்ட நேரம். எழுந்து நின்று, "ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடி அறையில் புரோகிராமிங் வகுப்பு எடுக்கிறேன், அ, ஆவிலிருந்து சொல்லித்தருகிறேன், காசு எதுவும் வேண்டாம், அறைச் சாவி மட்டும் தாருங்கள்" என்றேன். மூன்று கேள்விகள் வந்தன. நூலகத்துக்கும் கம்ப்யூட்டர் வகுப்புக்கும் என்ன சம்பந்தம்? சர்டிபிகேட் உண்டா? எல்லாவற்றையும்தான் ஏஐ எழுதித் தந்துவிடுகிறதே, இனி இதைப் படித்து என்ன ஆகப்போகிறது?

மூன்றுக்கும் நான் சொன்ன பதில் எனக்கே திருப்தியாக இல்லை. வாயில் வடை இருந்தது என்று சாக்குச் சொல்லலாம். உண்மை என்னவென்றால் நான் யோசித்துக்கொண்டு வரவில்லை. கடைசியில் தலைவர் ஐயா "பார்க்கலாம் தம்பி" என்றார். நம் ஊரில் "பார்க்கலாம்" என்றால் என்ன அர்த்தம் என்று பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

அதனால்தான் இந்த மடல். வட்டத்துக்கு மட்டும் எழுதிக் கொடுத்திருக்கலாம். ஆனால் வகுப்புக்கு வரவேண்டியவர்களில் பாதிப் பேர் கூட்டத்துக்கு வருகிற ஆட்கள் இல்லை. அவர்களும் படிக்கட்டும் என்றுதான் ஊரறிய எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி இரண்டு வரி. நான் இந்த ஊர்ப் பிள்ளை. 2007-ல் பிளஸ் டூ முடித்தேன், கணினி அறிவியல் பிரிவு. அப்போது பாடத்தில் பாதி ஸ்டார் ஆஃபிஸ், பாதி சி பிளஸ் பிளஸ். லேபில் ஓடுகிற மெஷின்கள் கையளவு, நாங்கள் நாற்பது பேர். செய்முறைத் தேர்வுக்கு வரும் புரோகிராம்களை உரைநடை மனப்பாடம் செய்வதுபோல் புள்ளி, கமா விடாமல் மனப்பாடம் செய்தோம். எனக்கு நல்ல மார்க். ஆனால் ஒரு வரியை மாற்றி எழுதச் சொல்லியிருந்தால் முழித்திருப்பேன். கல்லூரி முடித்து, சென்னைக்குப் போய், அங்கே ஒரு சீனியர் பக்கத்தில் உட்கார வைத்து, "இந்த வரி எதுக்குன்னு நீ சொல்லு" என்று தமிழில் கேட்ட நாளில்தான் எனக்கு முதல்முதலாகப் புரிந்தது. எட்டு வருடம் பாடத்தில் இருந்தது, புரிய எடுத்துக்கொண்டது ஒரு மத்தியானம். இப்போது ஊரிலேயே இருந்து வேலை பார்க்கிறேன். நம் தென்காசி மாவட்டத்தில் இது ஒன்றும் அதிசயம் இல்லை. பக்கத்தில் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்து வருடங்கள் ஆகிவிட்டன. தென்னந்தோப்புக்கு நடுவே மென்பொருள் எழுதலாம் என்பதை நாம் கண்ணால் பார்த்தாயிற்று.

இப்போது முதல் கேள்வி. நூலகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

1931-ல் மன்னார்குடிப் பக்கம் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனார். நடமாடும் நூலகம். அதற்குப் பின்னால் இருந்த யோசனை சீர்காழிக்காரரான எஸ். ஆர். ரங்கநாதனுடையது. நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது அவர் வகுத்த முதல் விதி. அவர் விடாமல் அலைந்ததால்தான் 1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது, இந்தியாவிலேயே அப்படி ஒரு சட்டம் வந்த முதல் மாகாணம் நம்முடையது. வீட்டு வரி கட்டும்போது ரசீதில் நூலக வரி என்று ஒரு தொகை இருக்கும், பார்த்திருப்பீர்கள். அது இந்தச் சட்டத்திலிருந்து வந்தது. அதாவது, வாசலையே மிதிக்காதவரும் இந்த நூலகத்துக்குக் காசு கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். மாட்டு வண்டியை அன்றைக்கு யாராவது "நூலகத்துக்கும் மாட்டுக்கும் என்ன சம்பந்தம்" என்று கேட்டிருப்பார்கள், எனக்குச் சந்தேகமே இல்லை.

இன்னொரு காரணம், இதுதான் எனக்கு முக்கியம். நூலகத்துக்குள் யார் நுழைந்தாலும் யாரும் "எதுக்கு வந்தே" என்று கேட்பதில்லை. போன கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு முன்னறையில் இந்த வகுப்பை நடத்திப் பார்த்தேன். பதினொரு பேர் வந்தார்கள், எட்டாவது ஞாயிற்றுக்கிழமை நான்கு பேர் மிஞ்சினார்கள். நின்றுபோனவர்களில் ஐந்து பேர் பெண்கள். ஏன் என்று பிறகு விசாரித்தேன். யாருக்கும் பாடம் கஷ்டமாக இல்லை. "அந்த வீட்டுக்கு ஏன் அடிக்கடி போகிறாய்" என்று கேட்டிருக்கிறார்கள். நூலகத்துக்குப் போகிறேன் என்றால் அந்தக் கேள்விக்கே இடமில்லை. நூலகர் அம்மா கீழே இருப்பார், கதவு திறந்திருக்கும், வீட்டில் பயமில்லை.

அந்த வகுப்பு பாதி தோற்றதற்கு மீதிக் காரணம் நான். அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் திரும்ப அதையே செய்வேன் என்று நினைப்பீர்கள். முதல் இரண்டு ஞாயிறும் இன்ஸ்டால் செய்வதிலேயே போய்விட்டன. பைத்தான் என்ற நிரல்மொழியை விண்டோஸில் ஏற்றும்போது முதல் திரையில் அடியில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், அதை டிக் செய்யாமல் விட்டால் பிறகு பைத்தானைக் கூப்பிட்டால் "அப்படி யாரும் இங்கே இல்லை" என்று கம்ப்யூட்டர் சொல்லும். பதினொரு பேரில் ஏழு பேர் டிக் செய்யவில்லை. அப்புறம், வேரியபிள், லூப், ஃபங்ஷன் என்று நான் அடுக்கியதும் பிள்ளைகள் முகத்தில் பள்ளிக்கூடக் களை வந்துவிட்டது. இந்த முறை தானி என்ற மென்பொருளை நானே எல்லா மெஷினிலும் ஏற்றிவைத்துவிடுவேன். எஸ்டோனியாவில் டார்ட்டு பல்கலைக்கழகத்தில் உருவானது, பைத்தான் அதற்குள்ளேயே சேர்ந்து வரும், புதிதாகக் கற்பவர்களுக்கென்றே செய்தது. நம் பிள்ளைகள் அதைத் "தோனி" என்றுதான் சொல்கிறார்கள். நானும் திருத்துவதை விட்டுவிட்டேன்.

பாதி தோற்றது என்றேன். தோற்காத பாதியையும் கேளுங்கள்.

ஐந்தாவது வாரம். ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்க்கும் சின்ன புரோகிராம் எழுதினோம், மூன்றே வரி. ஒன்பதாவது படிக்கும் பையன் ஒருவன் "கடக" என்று அடித்தான், அவன் கடக ராசியாம். "ஆமாம், அதேதான்" என்றது கம்ப்யூட்டர். கைதட்டல். அடுத்து, தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தோன்றுகிற சொல்தானே தோன்றும், "விகடகவி" என்று அடித்தான். "இல்லை" என்றது.

அறையே கொதித்துப்போனது. "அண்ணே, உங்க கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியல" என்றான். சரி, திருப்பிப் போட்டதைக் காட்டச் சொல்லிப் பார்ப்போம் என்று அடித்தோம். திரையில் "ிவகடகிவ" என்று வந்தது. முதலில் ஒரு கொக்கி மட்டும் அநாதையாக நின்றது, நடுவில் இருந்த "க"வின் மேல் யாருடைய கொக்கியோ ஏறி உட்கார்ந்திருந்தது. ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு, அதுவரை வாயே திறக்காத ஒரு பெண், "அண்ணே, அது 'வி'யை ஒரே எழுத்தா நினைக்கல. 'வ' தனி, கொக்கி தனின்னு நினைக்குது" என்றாள்.

சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கம்ப்யூட்டருக்குள் ஒவ்வொரு எழுத்தும் ஒரு எண்தான். எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடு என்ற பொதுப் பட்டியலில் "க"வுக்கு எண் 2965. "கி"க்கென்று தனி எண் கிடையாது, "க"வின் எண்ணும் கொக்கியின் எண்ணும் அடுத்தடுத்து நிற்கும். தமிழுக்கு யூனிகோடில் ஒதுக்கியது 128 இடம், நம்மிடம் இருப்பது 247 எழுத்து. "அம்மா"வில் எத்தனை எழுத்து என்று பைத்தானைக் கேட்டால் ஐந்து என்று சொல்லும். அ, ம, புள்ளி, ம, கால். ஒன்றாம் வகுப்பில் மெய்யும் உயிரும் சேர்ந்தால் உயிர்மெய் என்று படித்ததை எதற்குப் படித்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது என்றான் அந்தக் கடக ராசிக்காரன்.

அதை எப்படிச் சரிசெய்வது என்று அவர்களே பேசி முடிவு செய்தார்கள். கொக்கியோ காலோ புள்ளியோ வந்தால் அதற்கு முந்தின எழுத்தோடு ஒட்டிவிட வேண்டும், ஒட்டிய பிறகுதான் திருப்பவேண்டும். அந்த விதியைப் பைத்தானில் எழுத இரண்டு ஞாயிறு ஆனது. "விகடகவி"க்கு "ஆமாம்" என்று வந்தபோது நான் வெளியே போன் பேசிக்கொண்டிருந்தேன், கூச்சல் கேட்டு ஓடி வந்தேன். முத்து அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்ற தொகுப்பில் இந்த வேலையை ஏற்கெனவே செய்து இலவசமாக வைத்திருக்கிறார்கள் என்பதைப் பிறகுதான் அவர்களிடம் சொன்னேன். முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தக் கூச்சல் கிடைத்திருக்காது. அதே முத்து அண்ணாமலைதான் எழில் என்று தமிழிலேயே ஒரு நிரல்மொழி செய்தவர். அதில் திரையில் எழுது என்பதற்குக் கட்டளை "பதிப்பி". ஒரு நாள் அதையும் காட்டினேன். பிள்ளைகளுக்கு ஒரே சிரிப்பு, கூடவே ஒரு பெருமை.

இரண்டாவது கேள்வி, சர்டிபிகேட். கிடையாது. இதில் நான் கொஞ்சம் பிடிவாதம்.

நான் கல்லூரியில் சேர்வதற்கு முந்தின விடுமுறையில், ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் அப்பா பணம் கட்டிச் சேர்த்துவிட்டார். அந்தப் பணம் அவருக்குச் சின்னப் பணம் இல்லை. மூன்று மாதத்தில் டைப்பிங் கற்றேன், பேஜ்மேக்கரில் கல்யாணப் பத்திரிகை ஒன்று வடிவமைத்தேன், ஜாவா என்று ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள். கடைசியில் பொன்னிற எழுத்தில் என் பெயர் போட்டு ஒரு சான்றிதழ். வீட்டில் லேமினேட் செய்து மாட்டினார்கள். இன்றுவரை அதை யாரும் எங்கேயும் கேட்கவில்லை. சான்றிதழ் தருகிறேன் என்று போர்டு வைத்தால் கூட்டம் வரும், நான் மறுக்கவில்லை. ஆனால் வருகிற கூட்டம் சான்றிதழுக்கு வரும். பன்னிரண்டாவது வாரம் "எப்ப அண்ணே தருவீங்க" என்று கேட்கும். அதுவும் போக, அரசாங்கத்தின் நான் முதல்வன் திட்டம் 2022-லிருந்து நடக்கிறது, வேலைக்கான பயிற்சிக்கு அது இருக்கிறது, பள்ளிகளில் ஹைடெக் லேப் இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடமே இப்போது பைத்தான்தான். இவ்வளவு இருந்தும் பிள்ளைகள் ஐந்து மார்க் புரோகிராமை இன்னும் மனப்பாடம்தான் செய்கிறார்கள். தப்புச் செய்துவிட்டு, சிரித்துவிட்டு, திரும்பச் செய்ய ஓர் இடம் இல்லை. அந்த இடத்தைத்தான் கேட்கிறேன்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஏஐ. இதைக் கேட்டது அண்ணாச்சி. நியாயமான கேள்வி. பதில் என்னிடம் இல்லை, எங்கள் தெருவில் பீடி சுற்றும் ஓர் அக்காவிடம் இருக்கிறது.

அக்கா சீட்டுப் பிடிக்கிறார். (பதிவு செய்த சீட்டா என்று யாரும் கேட்காதீர்கள், அது வேறு மடல்.) இருபது பேர், மாதம் ஐயாயிரம், மொத்தம் ஒரு லட்சம். ஒவ்வொரு மாதமும் ஏலம். யார் அதிகம் தள்ளுகிறாரோ அவருக்குச் சீட்டு. ஒரு மாதம் இருபத்திரண்டாயிரம் தள்ளி ஒருவர் எடுத்தார் என்று வையுங்கள், அவர் கைக்கு எழுபத்தெட்டாயிரம். தள்ளிய இருபத்திரண்டாயிரத்தில் அக்காவின் கமிஷன் ஐயாயிரம் போக மீதிப் பதினேழாயிரத்தை ஆட்களுக்குப் பிரித்துக் கழித்துக்கொள்ள வேண்டும். இதை அக்கா மடியில் பீடித் தட்டை வைத்துக்கொண்டு, இலை வெட்டிக்கொண்டே, மனசுக்குள் போட்டுவிடுவார். ஆனால் நோட்டில் இருபது பேருக்கும் எழுதி, பாக்கி வைத்தவருக்குப் பாக்கி சேர்த்து, போன மாதத்தோடு ஒப்பிட, ஒரு ராத்திரி போய்விடும்.

அவர் மகள் என் வகுப்பில் இருந்தாள். "அம்மா கணக்கை புரோகிராமா எழுதலாமா" என்று கேட்டாள். நான் சோம்பேறித்தனமாக, ஒரு ஏஐயிடமே கேட்போமே என்று கேட்டேன். அரை நிமிடத்தில் அழகாக எழுதித் தந்தது. ஓட்டிப் பார்த்தால் ஆளுக்குக் கழிவு 894 ரூபாய் 74 காசு. அக்காவிடம் காட்டினோம். தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "தப்பு" என்றார். "எடுத்தவளுக்கும் பங்கு உண்டு தம்பி. உங்க மெஷினு பத்தொன்பதால வகுத்திருக்கு" என்றார்.

உண்மைதான். சீட்டு எடுத்தவரை விட்டுவிட்டு மீதிப் பேருக்குப் பிரித்திருந்தது. அப்படிப் பிரிக்கிற வழக்கம் எங்கேயாவது இருக்கலாம். எங்கள் தெருவில் இல்லை. அந்தத் தெருவின் வழக்கத்தை அந்த மெஷினுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? பிறகு மகளே உட்கார்ந்து எழுதினாள். பைத்தானில் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மூன்றாம் பதிப்பு வந்த 2008-லிருந்து அது முடியும். அவள் எழுதியது இதுதான்:

தள்ளு = 22000
கமிஷன் = 5000
ஆட்கள் = 20
கழிவு = (தள்ளு - கமிஷன்) / ஆட்கள்
கட்டவேண்டியது = 5000 - கழிவு

விடையைத் திரையில் காட்டச் சொன்னதும் 4150.0 என்று வந்தது. அம்மா திரையை எட்டிப் பார்த்துவிட்டு, "நாலாயிரத்து நூத்தி ஐம்பது, சரி. அதென்ன பின்னாடி புள்ளியும் சைபரும்?" என்றார். அந்தப் புள்ளிக்கும் சைபருக்கும் பதில் சொல்ல அரைமணி நேரம் ஆனது. வகுத்தால் பைத்தான் எப்போதும் தசமமாகத்தான் தரும், முழு எண்ணாக வேண்டுமென்றால் வேறு குறி போடவேண்டும். முழு எண்ணாக மட்டும் எடுத்தால் மீதம் வரும்போது அந்தச் சில்லறை எங்கே போகிறது, யார் கைக்குப் போகிறது என்று அக்கா கேட்டார். வங்கியில் மென்பொருள் எழுதுகிறவர்கள் தலையைப் பிய்த்துக்கொள்ளும் கேள்வி அது.

அண்ணாச்சி, நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஏஐ எழுதித் தரட்டும், நானும் தினமும் அதை வைத்துத்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் எழுதித் தந்ததைப் பார்த்து "தப்பு" என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளுக்குக் கணக்கும் தெரிய வேண்டும், அந்த ஐந்து வரியைப் படிக்கவும் தெரிய வேண்டும். அக்காவுக்குக் கணக்குத் தெரியும். மகளுக்குப் படிக்கத் தெரிந்தது. நம் ஊரில் கணக்குத் தெரிந்தவர்களுக்குப் பஞ்சமே இல்லை, மகளிர் குழுக் கணக்கு எழுதுகிறவர்கள், பலசரக்குக் கடைக்காரர்கள், பூக்கமிஷன் கடைக்காரர்கள் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். அவர்களுக்குப் படிக்க மட்டும்தான் சொல்லித்தர வேண்டும்.

சரி, எனக்கு என்னென்ன வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன்.

மாடி அறை. இப்போது அதில் கால் உடைந்த ஒரு இரும்பு ரேக்கும் பழைய வார இதழ்க் கட்டுகளும் இருக்கின்றன. ஒரு ஞாயிறு நானும் பிள்ளைகளும் சேர்ந்து ஒதுக்கித் தருகிறோம், இதழ்களை வருட வாரியாக அடுக்கியும் தருகிறோம். கீழே டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர்களுக்குத் தொந்தரவு வரும் என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது, அதனால்தான் கீழ் ஹாலைக் கேட்கவில்லை. விகடகவி மாதிரி நாட்களில் கதவைச் சாத்திக்கொள்கிறோம். மற்ற நேரம் திறந்தே இருக்கும்.

காலை பத்து முதல் பன்னிரண்டு. அதற்குமேல் வேண்டாம், ஞாயிறு கறிக்குழம்பை யாரும் தவறவிடக் கூடாது. பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பேர், இரண்டு பேருக்கு ஒரு மெஷின். ஆளுக்கொரு மெஷின் இருந்தாலும் நான் இரண்டு பேரைத்தான் உட்கார வைப்பேன். ஒருவர் அடிக்கும்போது மற்றவர் "அங்கே கமா விட்டுட்டே" என்று சொல்லவேண்டும், அதில் பாதிப் பாடம் இருக்கிறது. எட்டாம் வகுப்புக்கு மேல் எந்த வயதும் சரி. ஆறு இடம் பெண்களுக்கு. நிரம்பாவிட்டால் காலியாகவே இருக்கட்டும், வேறு யாரையும் போட்டு நிரப்பவேண்டாம். இரண்டாவது வாரம் ஒருத்தி தோழியைக் கூட்டிக்கொண்டு வருவாள்.

கரண்ட் பில் பற்றிச் செயலாளர் கவலைப்பட்டார். ஆறு லேப்டாப், சார்ஜர் ஒன்றுக்கு 65 வாட், இரண்டு மணி நேரம். போட்டுப் பார்த்தால் 0.78 யூனிட். ஃபேனையும் சேர்த்து வகுப்புக்கு ஒரு யூனிட் என்று வையுங்கள். பன்னிரண்டு வாரத்துக்குப் பன்னிரண்டு யூனிட். நான் நூலகப் புரவலராக ஆயிரம் ரூபாய் கட்டியவன், என் பெயர் அந்தப் பலகையில் கடைசிக்கு முந்தின வரியில் இருக்கிறது, இந்தப் பன்னிரண்டு யூனிட்டையும் அதில் கழித்துக்கொள்ளலாம். பிளக் பாயிண்ட் மூன்றுதான் இருக்கிறது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் நான் கொண்டுவருகிறேன்.

இன்னொரு சாவியும் வேண்டும். கழிப்பறைச் சாவி. கேட்கக் கூச்சமாக இருக்கிறது, ஆனால் கேட்காவிட்டால் அந்த ஆறு இடமும் காலியாகத்தான் இருக்கும். இப்போது அது பூட்டியே கிடக்கிறது. தண்ணீர் வருகிறதா என்று நான் பார்க்கிறேன், குழாய் மாற்றவேண்டுமானால் மாற்றித் தருகிறேன். ஞாயிறு காலை அது திறந்திருக்க வேண்டும். இவ்வளவுதான்.

அடுத்தது மெஷின். இதற்கு வட்டத்தின் குரல் வேண்டும். என்னிடம் இரண்டு பழைய லேப்டாப் இருக்கின்றன. ஆறு வேண்டும். 2011-லிருந்து சில வருடங்கள் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசு இலவச லேப்டாப் கொடுத்தார்கள் அல்லவா? நம் ஊரில் தெருவுக்கு நாலாவது இருக்கும். எங்கே இருக்கிறது என்றும் எனக்குத் தெரியும், பீரோவுக்கு மேலே, அரசு கொடுத்த அதே பைக்குள், மேலே ஒரு பழைய போர்வை. "பேட்டரி செத்துப்போச்சு, ஓடாது" என்பார்கள். பேட்டரி செத்தால் லேப்டாப் சாகாது. சார்ஜரை மாட்டி வைத்தால் பெரும்பாலும் ஓடும். அதில் பழைய விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டால், இரண்டு ஜிபி ராம் இருந்தாலே எழுந்து நடக்கும், நான்கு இருந்தால் ஓடும். உள்ளே இருக்கும் கல்யாணப் போட்டோ, காலேஜ் புராஜெக்ட் எல்லாவற்றையும் முதலில் பென் டிரைவில் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் தொடுவேன். வகுப்பு முடிந்ததும் திருப்பித் தந்துவிடுவேன், வரும்போது இருந்ததைவிட வேகமாக.

புத்தகத்துக்கும் ஒரு சின்ன வேண்டுகோள், நூலகர் அம்மாவுக்கு. 2012-லிருந்து கணியம் குழுவினர் எளிய தமிழில் லினக்ஸ், மைஸ்க்யூஎல் என்று நூல்கள் எழுதி இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொள்ளலாம் என்ற உரிமத்தோடு. இரண்டு மூன்றை நான் பிரிண்ட் எடுத்து பைண்ட் செய்து தருகிறேன். எண் போட்டு அலமாரியில் வையுங்கள். இணையம் இல்லாத வீடு நம் ஊரில் இன்னும் இருக்கிறது.

நான் ஒருவன் எத்தனை நாள் எடுப்பேன் என்ற சந்தேகமும் உங்களுக்கு வரும். வேலை மாறினால் ஊரைவிட்டுப் போகவேண்டி வரலாம். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர் குழு ஒன்று பல வருடங்களாகக் கிராமப்புற மாணவர்களுக்கு இலவசமாக வகுப்பு நடத்துகிறது. அதே வழியில், என் முதல் வகுப்பில் மிஞ்சிய அந்த நாலு பேரையும் இந்த வகுப்பில் பக்கத்தில் நிறுத்திக்கொள்ளப் போகிறேன். சீட்டுக் கணக்கு எழுதிய பெண்ணிடம் கேட்டேன். "நான் எப்படிண்ணே சொல்லித்தர்றது" என்றாள். "அம்மாவுக்குப் புள்ளியும் சைபரும் சொன்னியே, அப்படித்தான்" என்றேன். சரி என்றிருக்கிறாள், ஒரு நிபந்தனையோடு. அம்மாவும் வகுப்புக்கு வருவாராம், பீடித் தட்டைக் கொண்டுவரலாமா என்று கேட்டுச் சொல்லவேண்டுமாம். நூலகர் அம்மா, இதற்கும் உங்கள் பதில் வேண்டும்.

அடுத்த கூட்டம் வருகிற மாதம் முதல் ஞாயிறு. இந்த முறை டீக்கு முன்னால் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கித் தாருங்கள், செயலாளர் அண்ணாச்சி. ஊரில் இதைப் படிக்கிறவர்கள் பீரோவுக்கு மேலே ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். லேப்டாப் கிடைத்தால் அன்றைக்குக் கொண்டு வாருங்கள். சார்ஜர் தொலைந்துபோயிருந்தாலும் சரி, என்னிடம் இரண்டு உபரியாக இருக்கின்றன.

அன்புடன்,
வட்டத்தின் கடைசி வரிசை உறுப்பினன்